மரக்காலும் வானவில்லும்

 

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் உலகத்தின் பெரிய கம்பெனிகள் பல தங்கள் முத்திரையின் நிறத்தை மாற்றிக் கொள்கின்றன. நேற்று வரை நீலமாகவோ சிவப்பாகவோ இருந்த அடையாளம் வானவில்லின் ஆறு நிறங்களைப் பூண்டு நிற்கிறது. தன்பாலினத்தவரின் உரிமையை நாங்கள் ஆதரிக்கிறோம் என்பது அதன் பொருள். ஜூலை முதல் தேதி வந்ததும் பழைய நிறம் திரும்பி விடுகிறது. முன்பெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பதாகப் பத்திரிகையில் படித்து மறந்து போன இந்தச் சங்கதி இன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மானாம்பதியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் நம் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறார்கள் அல்லவா! அப்படிப் போகிற இளைஞர் ஒருவர் இதைக் குறித்து என்னிடம் கேட்டார்.

“ஹஜ்ரத்! எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் வானவில் பேட்ஜ் கொடுத்தார்கள். குத்திக் கொள்ளலாமா? குத்திக் கொள்ளாவிட்டால் சூபர்வைசர் தப்பாக நினைப்பார். இப்படிப்பட்ட கம்பெனியில் வாங்கும் சம்பளம் ஹலாலா? கார் உதிரி பாகம் செய்கிறவனுக்கு இதில் என்ன வேலை?”

அவர் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் விடை தேடுவோம். அது விளங்கினால் மற்றவை தாமே விளங்கும். நம் மேடைகளில் சிலர் இதை ஏதோ உலகளாவிய சதி என்று முழங்கிவிட்டுப் போகிறார்கள். சதிகாரன் விற்பனை குறைந்ததும் கொடியைச் சுருட்டிக் கொண்டு ஓடுவதில்லை. இவர்கள் ஓடினார்கள். எப்போது, எங்கே ஓடினார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1969 ஜூன் 28 அன்று நியூயார்க் நகரில் ஸ்டோன்வால் என்ற விடுதியில் போலீஸார் சோதனைக்குப் புகுந்தபோது, அங்கே கூடியிருந்த தன்பாலினத்தவர் திரண்டு எதிர்த்து நின்றார்கள். அதன் நினைவாகத்தான் ஜூன் மாதத்தில் ஊர்வலங்கள் நடக்கின்றன. வானவில் கொடி 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் என்பவர் அமைத்தது. நம் சென்னையிலும் 2009 முதல் ஜூன் மாத ஊர்வலம் நடந்து வருகிறது. ஆரம்பத்தில் எந்தக் கம்பெனியும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தலைகாட்டிய முதல் சில வியாபாரிகளில் ஒருவர் யார் தெரியுமா? ஓட்கா என்னும் மது விற்கிற அப்சலூட் கம்பெனி. 1981-லேயே அவர்களுடைய பத்திரிகைகளில் அது விளம்பரம் கொடுக்கத் தொடங்கியது. மற்றவர் கடைக்கு வரத் தயங்கும் தெருவில் முதலில் கடை போட்டவனுக்கு வாடிக்கை நிலைத்துவிடும் என்பது நம் ஊர்ச் சந்தையில் முறுக்கு விற்பவருக்கும் தெரிந்த கணக்கு. 1990-களில் சுபாரு என்ற ஜப்பானியக் கார் கம்பெனி தன் கார்களை யார் வாங்குகிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்து, பெண்ணோடு பெண்ணாக வாழ்கிறவர்கள் கணிசமாக வாங்குவதைக் கண்டு, அவர்களைக் குறிவைத்தே விளம்பரம் செய்தது.

வாடிக்கை முதற் காரணம். இரண்டாவது, வேலையாட்கள். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒன்றின் ஆளை மற்றொன்று இழுக்கும் போட்டியில் இருக்கின்றன. படித்த இளைஞர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நிர்வாகம் நம்புகிறது. மூன்றாவது, மதிப்பெண். அமெரிக்காவில் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயின் என்ற அமைப்பு 2002 முதல் கம்பெனிகளுக்கு இந்த விஷயத்தில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறது. முதல் ஆண்டில் நூறு வாங்கியவை 13 தான். இருபது ஆண்டுகளில் அது பல நூறாகப் பெருகிற்று. தலைமை அலுவலகம் மார்க் வாங்க வேண்டுமென்றால் ஒரகடத்தில் இருக்கும் கிளையும் பேட்ஜ் கொடுத்தாக வேண்டும். தம்பியின் சட்டைக்கு அந்தப் பேட்ஜ் வந்து சேர்ந்த பாதை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

நான்காவது, சட்டம். ஆங்கிலேயர் 1860-ல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இச்செயலைக் குற்றமாக்கியிருந்தது. 2009-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மீண்டும் நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயது வந்தோர் சம்மதத்துடன் தனிமையில் செய்வது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அன்று மாலைக்குள்ளேயே இந்தியாவில் எத்தனையோ கம்பெனிகளின் முத்திரை வானவில்லாக மாறிற்று. காலையில் தீர்ப்பு, மாலையில் கொள்கை! லலித் ஹோட்டல்களை நடத்தும் கேசவ் சூரி போன்று தீர்ப்புக்கு முன்பே தாமே மனுதாரராகக் கோர்ட் ஏறியவரும் உண்டு. அவர் கருத்து நம் மார்க்கத்துக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அவர் நம்பியதற்காக முன்கூட்டியே தலையைக் கொடுத்தார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. மாலையில் நிறம் மாற்றியவர்களை அவரோடு சேர்த்து எண்ண முடியாது.

நிய்யத்தைப் பற்றி நாம் மக்தபில் ஓதிய முதல் பாடத்தை இங்கே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். செயலுக்குக் கூலி எண்ணத்தைப் பொறுத்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். எண்ணத்தின் இருப்பிடம் கல்பு. கம்பெனிக்குக் கல்பு ஏது? அது சட்டம் உண்டாக்கிய ஓர் ஆள். கையெழுத்துப் போடும், வழக்காடும், கடன் வாங்கும். ஆனால் அதற்குத் தொழுகையும் இல்லை, தவ்பாவும் இல்லை. உள்ளே வேலை செய்யும் மனிதர்களுக்கு உள்ளம் உண்டு. அவர்களில் ஒருவர் தம் தம்பிக்காகவோ மகளுக்காகவோ மனமார இதை விரும்பியிருக்கலாம். அதை அல்லாஹ் அறிவான். கம்பெனியின் எண்ணத்தையோ நாம் ஒரே வழியில்தான் அறிய முடியும். இதனால் நஷ்டம் வரும்போது அது என்ன செய்கிறது?

2021 அக்டோபரில் டாபர் கம்பெனி தன் ஃபெம் பிளீச் கிரீமுக்கு ஒரு விளம்பரம் எடுத்தது. வடநாட்டு இந்துப் பெண்கள் கணவருக்காக நோற்கும் கர்வா சௌத் நோன்பை அதில் இரண்டு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் நோற்பதாகக் காட்டினார்கள். மத்தியப் பிரதேச உள்துறை மந்திரி, வாபஸ் வாங்காவிட்டால் சட்ட நடவடிக்கை என்றார். சில நாட்களிலேயே விளம்பரம் போயிற்று, மன்னிப்பும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, அதாவது 2020 அக்டோபரில் நடந்தது நமக்கு நன்றாக நினைவிருக்கும். டாட்டாவும் நம் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கம்பெனியின் தனிஷ்க் நகைக்கடை, ஒரு முஸ்லிம் குடும்பம் தன் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துவதாக விளம்பரம் செய்தது. நம்மில் பலர் பார்த்துப் பூரித்தோம். எதிர்ப்பு கிளம்பியதும் அதுவும் ஓரிரு நாளில் மறைந்தது. அப்போது எத்தனை பேர் மனம் நொந்தார்கள்! நான் கேட்கிறேன்: நம்மைத் தூக்கி வைத்துக் காட்டியபோது அதைக் கொள்கை என்று எண்ணினோம், வேறொருவரைத் தூக்கி வைத்துக் காட்டினால் சதி என்கிறோம். இரண்டையும் செய்தது ஒரே கணக்குப் புத்தகம் அன்றோ?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2023 ஏப்ரலில் பட் லைட் என்னும் பீர் கம்பெனி, திருநங்கை ஒருவரைக் கொண்டு ஒரு சிறு விளம்பரம் செய்தது. குடிகாரர்கள் கோபித்துக் கொண்டார்கள். நீண்ட காலம் அந்நாட்டில் விற்பனையில் முதலிடத்தில் இருந்த அந்தப் பீர் சில வாரங்களில் அந்த இடத்தை இழந்தது. கம்பெனி அந்தத் திருநங்கையின் பக்கமும் நிற்கவில்லை, எதிர்த்தவர் பக்கமும் நிற்கவில்லை. 2024-ல் ஹார்லி டேவிட்சன் போன்ற கம்பெனிகள் மேலே சொன்ன மார்க் போடும் பரீட்சைக்கே இனி உட்கார மாட்டோம் என்று அறிவித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபோர்டு கம்பெனியும் அந்த வரிசையில் சேர்ந்தது. 2022 வரை நம் மறைமலைநகரில் கார் செய்து கொண்டிருந்த அதே ஃபோர்டுதான். 2025-ல் சான் பிரான்சிஸ்கோ ஊர்வலத்துக்கு வழக்கமாகப் பணம் கொடுத்து வந்த சில பெரிய கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. அந்த ஊர்வலத்தாரே, இவர்கள் எங்களைக் காட்டி வியாபாரம் செய்தார்கள் என்று நொந்து பேசுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேசுவதும் நான் பேசுவதும் ஒன்றே.

திருமறையை ஓதுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். லூத் நபி (அலை) அவர்களின் சமுதாயத்தினர் செய்த செயலையும், அவர்கள் அழிந்ததையும் சொல்கிற இடங்களில் அஃராஃப், ஹூத், ஷுஅரா ஆகிய மூன்று சூராக்களைப் பாருங்கள். லூத் நபியின் வரலாறு முடிந்ததும் அடுத்து வருவது எது? ஷுஐப் நபி (அலை) அவர்களின் வரலாறு. அந்தச் சமுதாயத்தின் குற்றம் என்ன? அளவையிலும் நிறுவையிலும் மோசடி. நம் பயான்களில் முதல் வரலாற்றைச் சொல்லித் தொண்டை கட்டிப் போகிறது. இரண்டாவதற்கு வந்ததும் நேரமாகிவிட்டதென்று துஆ ஓதிவிடுகிறோம்! கடைவீதி ஜமாஅத் என்பதால் இருக்குமோ என்னவோ. கம்பெனியைப் பற்றிய கேள்வி முதல் வரலாற்றைச் சேர்ந்ததன்று, இரண்டாவதைச் சேர்ந்தது. தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளக்கும்போது குறைவாகவும் இரண்டு மரக்கால் வைத்திருப்பவர்களை முதஃப்பிஃபீன் சூரா எச்சரிக்கிறது.

இரண்டு மரக்கால் எப்படியென்று பாருங்கள். ஜூன் மாதத்தில் லண்டனிலும் நியூயார்க்கிலும் வானவில் பூணும் கம்பெனிகளில் பல, வளைகுடா நாடுகளுக்கென வைத்திருக்கும் பக்கங்களில் பழைய நிறத்தோடே இருந்துவிடுகின்றன. 2022 ஜூனில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அரசு சொன்னதும் அமேஸான் கம்பெனி இது சம்பந்தமான சரக்குகள் அந்நாட்டில் தேடினால் கிடைக்காதபடி மறைத்தது. ஐகியா என்ற மரச்சாமான் கம்பெனி 2012-ல் ஸவூதிக்கென அச்சிட்ட விலைப்பட்டியலில் படங்களிலிருந்த பெண்களையே அழித்துவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவித்தது. ஸ்வீடனில் பெண்ணுரிமை, ரியாதில் பெண்ணே இல்லை!

இதைக் கேட்டு நம் ஆட்கள் சிரிக்க வேண்டாம். பாரிஸ் நகரின் பிரபல கால்பந்து அணி 2011 முதல் கத்தார் நாட்டு முதலீட்டில் இயங்குகிறது. 2022 மே மாதம் பிரெஞ்சு அணிகளெல்லாம் வானவில் நிற எண் பொறித்த சட்டையோடு ஆடின. இந்த அணியும் ஆடிற்று. அதே ஆண்டு நவம்பரில் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தபோது, இதே ஆதரவைக் காட்டும் கைப்பட்டையை ஐரோப்பிய கேப்டன்கள் கட்டினால் மஞ்சள் அட்டை கிடைக்கும் என்று ஃபிஃபா சொல்லிவிட்டது. அந்த ஐரோப்பிய அணிகளும் உடனே கழற்றி வைத்துவிட்டன. ஒரே ஆண்டு, ஒரே செல்வம், இரண்டு ஊர், இரண்டு மரக்கால். அந்த மே மாத ஆட்டத்தில் ஒருவர் மட்டும் ஆடவில்லை. செனகல் நாட்டு முஸ்லிமான இத்ரிஸா கெயே. சொந்தக் காரணம் என்று மட்டும் அணி சொல்லிற்று. பிரான்சில் அவர்மீது கண்டனம் எழுந்தது. அவர் யாரையும் ஏசவில்லை, அறிக்கையும் விடவில்லை. இந்த முழுக் கதையிலும் ஒரே மரக்காலால் அளந்தவர் சம்பளம் வாங்கும் அந்த ஒரு வேலையாள்தான்.

மதீனாவின் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, அதை மக்கள் பார்க்கும்படி மேலேயே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற பொருளில் கண்டித்தார்கள். உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டை திரும்பிவிடும் என்பதே வழக்கமான விதி. அங்கே மேல் நெல்லைப் பார்த்து எவரும் எடை போடுவதில்லை; உள்ளிருந்து எடுத்த நெல்லைத்தான் கருவியில் போடுகிறார்கள். கம்பெனியின் வானவில்லையும், ரமழானில் அது போடும் பிறையையும், தீபாவளிக்கு ஏற்றும் விளக்கையும் அப்படித்தான் கை விட்டுப் பார்க்க வேண்டும். நோன்புக் கஞ்சி குடிக்கக் குல்லா போட்டுக் கொண்டு வரும் பிரமுகர்களை நாம் அப்படிப் பார்க்கிறோமா என்பதை உங்களுக்கே விட்டு விடுகிறேன்.

இனி, தம்பியின் மஸ்அலாவுக்கு வருகிறேன்.

சம்பளம் ஹலால். கூலி என்பது செய்த வேலைக்கு ஈடு. உதிரி பாகம் செய்வது ஆகுமான வேலை. முதலாளி சுவரில் என்ன நிறம் பூசுகிறான் என்பது அந்தக் கூலியை ஹராமாக்காது. ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? 2021 செப்டம்பரில் ஆக்சிஸ் பாங்கி, ஒரே பாலினத்து ஜோடிகளும் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம் என்று அறிவித்தபோது, அந்தப் பாங்கியில் கணக்கை மூடிவிடலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். பல வருஷமாக வட்டி போட்டுக் கொண்டிருக்கும் பாங்கி அது! வட்டிக்கு வராத கேள்வி வானவில்லுக்கு வந்தது.

பேட்ஜ், உறுதிமொழி ஆகியவற்றில் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ‘உடன் வேலை செய்பவர் எவரையும் இழிவுபடுத்த மாட்டேன், தொல்லை தர மாட்டேன், வேலையில் பாரபட்சம் காட்ட மாட்டேன்’ என்று இருந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். அது கம்பெனி சொல்வதற்கு முன்பே உங்கள் மீது கடமை. திருநர்களை வேலையில் பாரபட்சமாக நடத்தக் கூடாதென்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ‘இவ்வாழ்க்கை நல்லதென்று நான் நம்புகிறேன், கொண்டாடுகிறேன்’ என்று இருந்தால் போடலாகாது. ஹராம் என்று அல்லாஹ் விதித்ததை நல்லதென்று நாவால் சொல்வது எளிய காரியமன்று. பேட்ஜும் அத்தகைய கொண்டாட்டத்தின் அடையாளம் என்றே உலகம் எடுத்துக் கொள்வதால் குத்திக் கொள்ள வேண்டாம். கட்டாயமில்லை என்றால் பேசாமல் பையில் வைத்துக் கொள்ளுங்கள். ஏன் குத்தவில்லை என்று கேட்டால், ‘என் மார்க்கம் இதற்கு இடம் தரவில்லை, சார், ஆனால் என்னால் எவருக்கும் தொல்லை வராது’ என்று தனியாகச் சொல்லுங்கள். கேன்டீனில் நின்று பிரசங்கம் செய்ய வேண்டாம். மறுநாள் அந்தச் சொல்லை உங்கள் நடத்தை மெய்ப்பிக்க வேண்டும்.

பக்கத்து மிஷினில் நிற்பவனின் நடையைப் பார்த்து, குரலைப் பார்த்து, இவன் அப்படிப்பட்டவன் என்று கண்ணடித்துச் சிரிப்பது எங்கும் நடக்கிறது. கற்புள்ள பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சி கொண்டு வராதவனுக்கு எண்பது கசையடி என்று நூர் சூரா விதித்திருக்கிறது. பிறர் மானத்தின் மீது வாய் வைப்பது ஷரீஅத்தில் எத்தனை கனமானது என்பதற்கு அதுவே போதும். லூத் நபியின் சமுதாயத்தினர் வழிப்பறி செய்தார்கள், சபையில் கூடி அடாததைச் செய்தார்கள் என்றும் அன்கபூத் சூரா சொல்கிறதே! பாவத்தைக் கண்டிக்கிறேன் என்று கிளம்பி, சபை கூடி ஒருவனைக் கேலி செய்பவன் யாருடைய வழியில் நடக்கிறான்?

வீட்டிலும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் ஒருவனுக்கோ ஒருத்திக்கோ இத்தகைய நாட்டம் இருப்பதாகத் தெரிய வந்தால் என்ன செய்வீர்கள்? உள்ளத்தில் எழும் நாட்டத்துக்காக அல்லாஹ் தண்டிப்பதில்லை, செயலைத்தான் கேட்பான். நாட்டத்தைச் சுமந்து கொண்டு ஒழுக்கம் காக்கும் பிள்ளை, நமக்கெல்லாம் தெரியாத ஒரு ஜிஹாதில் இருக்கிறது. தவறியே விட்டாலும் தவ்பாவின் வாசலை அடைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவில், வைத்தியம் என்ற பெயரில் இவர்களை மாற்ற முயல்வதைத் தடை செய்தார். அந்த உத்தரவின் எல்லாக் கருத்தும் ஆலிம்களுக்கு உடன்பாடாகாது. ஆனால், பிள்ளையை அடித்துக் கட்டிப் போட்டு, தாயத்துக்காரனிடம் இழுத்துச் சென்று, பிறகு வீட்டை விட்டே துரத்தும் அத்தாமார்கள் எந்த கிதாபில் அதைப் படித்தார்கள்? துரத்தப்பட்ட பிள்ளை நேரே போய்ச் சேரும் இடத்தில் கம்பெனியின் வானவில் குடை விரித்து நிற்கிறது. ஈரக் குவியல்தான், நாளை நஷ்டம் வந்தால் மடக்கிவிடுவார்கள். என்றாலும், மழையில் நிற்பவனுக்கு இன்று விரித்திருக்கும் குடைதானே கண்ணில் படும்!

இன்னொரு சகோதரி, தம் மகன் அன்றைய தினம் கம்பெனியில் கொடுத்த கேக்கை வீட்டுக்குக் கொண்டு வந்ததாகவும் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். கேக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். அதில் சேர்த்த ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, எஸன்ஸில் மது கலந்திருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சந்தேகமாயிருந்தால் விட்டு விடுங்கள். ஆகுமானதென்று தெரிந்தால் பிஸ்மி சொல்லிச் சாப்பிடலாம்.